சிக்னல் சார் பதில்கள்: கேமரா போட்ட அபராதம்

(போக்குவரத்து சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். கேமரா அபராதம் பற்றியே கடிதங்கள் குவிந்ததால் இந்த இதழ் முழுக்க அதுதான். வேகத்தடை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.)

நான் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் ஊரில் ஹெல்மெட் இல்லாமல் போனேன் என்று என் ஸ்கூட்டர் நம்பருக்கு ஆயிரம் ரூபாய் சலான் வந்திருக்கிறது. "கட்டித் தொலைச்சிடு, யார் அலையறது?" என்கிறார் என் கணவர். கட்டிவிடட்டுமா?
— வாசகி, திருப்பூர்

கட்டாதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் இருப்பது ஸ்கூட்டரே இல்லை. லெக் கார்டு போட்ட கறுப்பு பைக். பக்கவாட்டில் சாமான் பெட்டி வேறு. உங்கள் நம்பரில் மூன்றாவதாக வருவது 8. அந்த பைக்கில் இருப்பது 3. பிளேட்டை முடுக்கிய ஸ்க்ரூவின் தலை அந்த 3-இன் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து துரு கீழே வழிந்திருக்கிறது. கேமராவின் மென்பொருள் துருவையும் சேர்த்து 8 என்று படித்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் எழுத வசதியாக இருக்கும். கேமரா படம் எடுக்கும், மென்பொருள் நம்பரைப் படிக்கும், அந்த நம்பர் 'வாகன்' என்ற மத்திய அரசின் வண்டிப் பதிவேட்டுக்குப் போகும், அங்கிருந்து உரிமையாளர் பெயரும் போன் நம்பரும் வரும். வண்டி என்ன ரகம், என்ன நிறம் என்பதும் அதே பதிவேட்டில் இருக்கிறது. சலானை அனுப்பும் முன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு மனிதர் படத்தையும் பதிவையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் அவர் முன்னால் எத்தனை படம் ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். கண் படத்தில் இருக்கும், விரல் 'ஓகே' பட்டனில் இருக்கும்.

2021 ஆகஸ்ட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாகன எண் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கருவிக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகையும் வைக்க வேண்டும். இதில் ஏதாவது குறைந்தாலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியது இது. இ-சலான் தளத்தில் புகார் கொடுங்கள். ஆர்.சி. புத்தகம், அதே கோணத்தில் எடுத்த உங்கள் ஸ்கூட்டர் படம் இரண்டையும் இணையுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். அதற்குள் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையத்திலேயே நடக்கும் கோர்ட்) போய்விட்டால், அங்கே 'கட்டுகிறேன்', 'எதிர்க்கிறேன்' என்று இரண்டு வழி இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிர்க்கிறேன் என்றால் வழக்கு சலான் போட்ட ஊரின் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆயிரம் ரூபாயைக் காப்பாற்ற பஸ் டிக்கெட், ஒரு நாள் லீவு, வக்கீல் ஃபீஸ். இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். தப்புப் பிடிக்க கோடிக்கணக்கில் செலவு செய்கிறார்கள், 'நான் இல்லை' என்று சொல்ல வருகிறவருக்கு ஒரு மேஜை நாற்காலி போடுவதில்லை. திருப்பூரில் இருந்தபடியே வீடியோவில் பேசி முடிக்க வழி இருந்தால் பாதிப் பேர் கேமராவைத் திட்டமாட்டார்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று ஏபிகே ஃபைல் (போனில் செயலியை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். அது உங்கள் பேங்க் கணக்கைத் துடைக்க வருவது. அரசு தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தாலே சலான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மஞ்சள் விழுந்தபோது கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிரேக் போட்டால் பின்னால் வந்த லாரி என் மேல் ஏறியிருக்கும். தாண்டினேன். சிகப்பில் போனதாக ஃபைன். மஞ்சள் எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா சார்?
— கம்பெனி கார் டிரைவர், ஆவடி

தம்பி, நான் வேலை பார்த்த காலமெல்லாம் சண்டை போட்ட விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

மஞ்சளின் நீளம் அந்தச் சாலையில் வண்டிகள் எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்பதைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். விளக்கைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அப்புறம் பயணிகள் முன்னால் சரியாதபடி நிதானமாக வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டால் 50-க்கு 3.3 விநாடி வரும். 60-க்கு 3.8. இரண்டு சாலைக்கும் ஒரே மாதிரி 3 விநாடி வைத்தால் என்ன ஆகும்? 60-இல் வருகிறவர் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால், அவரால் நிற்கவும் முடியாது, சிகப்புக்கு முன்னால் கோட்டைத் தொடவும் முடியாது. எந்தத் தப்பும் செய்யாமலே மாட்டிக்கொள்வார். போலீஸ்காரர் நின்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். கேமரா விடாது.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்று ஒருவர். 2013-இல் அவர் மனைவிக்குச் சிகப்பு விளக்குக் கேமராவிலிருந்து அபராதம் வந்தது. மனிதர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், சும்மா இருக்கவில்லை. மஞ்சளுக்கான சூத்திரத்தை எடுத்துப் பார்த்தார். நேராகப் போகிற வண்டிக்கு அது சரி, திரும்புகிற வண்டி சந்திப்புக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டுமே, அந்த நேரம் கணக்கில் இல்லை என்று கண்டுபிடித்தார். ஊருக்கெல்லாம் எழுதினார். மாநிலப் பொறியாளர் வாரியம் என்ன செய்தது தெரியுமா? உரிமம் இல்லாமல் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதாக 500 டாலர் அபராதம் போட்டது! நீதிமன்றம் போய் ஜெயித்தார். 2020-இல் அந்த நாட்டுப் போக்குவரத்துப் பொறியாளர் சங்கமே திரும்பும் வண்டிகளுக்கு மஞ்சளை நீட்டும்படி வழிகாட்டியைத் திருத்தியது. ஓய்வு பெற்ற பிறகு இதைப் படித்தேன், அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

சிகாகோவில் வேறு மாதிரி. 2014-இல் மூன்று விநாடிக்கும் குறைவான மஞ்சளுக்குக்கூட சலான் போகிற மாதிரி விதி நழுவியது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அந்தத் துளிக்கு 77,000 சலான், 77 லட்சம் டாலர்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். சிகப்பு விளக்குக் கேமரா பொதுவாக இரண்டு படம் எடுக்கும். முதல் படத்தில் சிகப்பு எரியும்போது உங்கள் முன் சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும், இரண்டாவதில் அந்தப் பக்கம். சக்கரம் முதல் படத்திலேயே கோட்டைத் தாண்டியிருந்தால் நீங்கள் மஞ்சளில் நுழைந்தவர். அதைச் சொல்லி எதிர்த்து எழுதுங்கள். அந்தச் சிக்னலில் மஞ்சள் எத்தனை விநாடி என்று தகவல் அறியும் உரிமையில் கேட்கலாம். போனில் வீடியோ எடுத்து நீங்களே எண்ணவும் செய்யலாம்.

லாரி பயம் வீண் பயம் இல்லை. 2005-இல் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக நடந்த பெரிய ஆய்வில், கேமரா வைத்த சந்திப்புகளில் குறுக்கே மோதும் விபத்துகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன, பின்னாலிருந்து இடிப்பது சுமார் 15 சதவீதம் கூடியது. குறுக்கே மோதினால் ஆள் போவார், பின்னால் இடித்தால் பெரும்பாலும் பம்பர் போகும். அதனால் மொத்தத்தில் லாபம்தான். ஆனால் இந்த இடியிலும் பெரும்பகுதியைக் கேமராவே வைக்காமல் மஞ்சளைச் சரியாக வைத்தே குறைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

நம்பர் பிளேட் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டால் கேமராவுக்கு நம்பர் தெரியாதாமே?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கேமராவுக்குத் தெரியாது. அடுத்த சந்திப்பில் நிற்கும் ஏட்டய்யாவுக்குத் தெரியும். நம்பரை மறைத்ததற்குத் தனியாக எழுதுவார்.

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி போகிறவன். களியக்காவிளை தாண்டியதும் எங்கே பார்த்தாலும் ஏஐ கேமரா. இதனால் உண்மையிலேயே சாவு குறைகிறதா, இல்லை வெறும் பயம் காட்டலா?
— பேக்கரி உரிமையாளர், மார்த்தாண்டம்

அந்த எல்லையில் நானும் நின்று பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் மடியில் இருக்கும் ஹெல்மெட், செக்போஸ்ட் நெருங்கும்போது தலைக்கு ஏறுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவரும் ஒன்றை மாட்டுகிறார். திரும்பி வரும்போது இதுவே தலைகீழாக நடக்கும்.

கேரளம் 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கியது. மொத்தம் 726 கேமரா. அதில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், போன் பேசுவது இவற்றைப் பார்க்க. வேகத்தைப் பார்ப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். வேகத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்கு அப்போதே ஒரு முணுமுணுப்பு. ஆனால் ஹெல்மெட் சின்ன விஷயம் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாதவர்கள்.

வேகக் கேமரா சாவைக் குறைக்கிறதா என்றால், குறைக்கிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை, கேமராக்களின் அருகே உயிர்ப்பலி, பலத்த காயம் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. 'அருகே' என்பதைக் கவனியுங்கள். 2017-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வு ஒன்று பிரிட்டன் கேமராக்களை எடுத்துக்கொண்டு தூரம் அளந்தது. 500 மீட்டருக்குள் விபத்து நன்றாகக் குறைந்திருந்தது. ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியதும் மறுபடி ஏறியது. கேமரா தெரிந்ததும் பிரேக், தாண்டியதும் முறுக்கு. நம் ஆட்களுக்கு இதில் பாடம் எடுக்கவே தேவையில்லை.

மருந்து இருக்கிறது. இரண்டு இடத்தில் கேமரா வைத்து, இடைப்பட்ட தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து சராசரி வேகம் பார்ப்பது. ஸ்காட்லாந்தில் ஏ9 நெடுஞ்சாலையில் 2014 முதல் இப்படித்தான். நடுவில் டீ குடித்துத் தப்பிக்கலாமே என்கிறீர்களா? தாராளமாகக் குடியுங்கள். நிதானமாகப் போய்ச் சேருவதுதானே வேண்டும்.

எல்லாம் வசூல்தான் சார். நேர்மையாகச் சொல்லுங்கள்.
— வாசகர், நாமக்கல்

நேர்மையாகச் சொன்னால், வசூலாக மாறுவது ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்கிறது. கேமரா வைத்த கம்பெனிக்கு ஒரு சலானுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், சலான் குறைவது அதற்கு நஷ்டம். எல்லோரும் ஒழுங்காக ஓட்டுகிற ஊர் அந்தக் கம்பெனிக்குப் பாலைவனம்.

சிகாகோவில் ரெட்ஃப்ளெக்ஸ் என்ற கேமரா கம்பெனி ஒப்பந்தம் பிடிக்க மாநகராட்சி அதிகாரி ஜான் பில்ஸுக்கு வருடக்கணக்கில் லஞ்சம் கொடுத்தது. 2016-இல் அவருக்குப் பத்து ஆண்டு சிறை. கம்பெனியின் முன்னாள் தலைமை அதிகாரியும் உள்ளே போனார். கேரளத்திலும் 232 கோடி ரூபாய்த் திட்டம், அரசு நிறுவனமான கெல்ட்ரானிடமிருந்து துணை ஒப்பந்தங்களாகக் கைமாறியதை வைத்து எதிர்க்கட்சிகள் உயர் நீதிமன்றம் வரை போயின.

பிரிட்டன் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கேமரா அபராதத்தை வைத்தே கேமராச் செலவை ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது. கேமரா வேகமாகப் பெருகியது, 'பால் கறக்கிறார்கள்' என்ற பேச்சும் பெருகியது. 2007-இல் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அதே காலத்தில் அவர்கள் செய்த நல்ல காரியம், கேமராப் பெட்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது. ஒளிந்திருந்து பிடிப்பவனுக்கு வேண்டியது பணம். கண்ணுக்குத் தெரிய நிற்பவனுக்கு வேண்டியது வேகம் குறைவது.

ஆகவே உங்கள் ஊரில் கேமரா வந்தால் கவுன்சிலரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கம்பெனிக்கு மாத வாடகையா, சலானுக்குக் கமிஷனா? இந்த இடத்தில் முன்பு எத்தனை பேர் அடிபட்டார்கள்? அபராதப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? முதல் கேள்விக்கு அவர் நெளிந்தால் உங்கள் சந்தேகம் சரி.

உணவு டெலிவரி செய்கிறேன். ஆயிரம் ரூபாய் எனக்கு ஒன்றரை நாள் சம்பளம். கார்க்காரருக்கு ஒரு ஹோட்டல் பில். இது நியாயமா அண்ணா?
— பெயர் வேண்டாம், வேளச்சேரி

நியாயம் இல்லை தம்பி. பின்லாந்தில் வருமானத்தை வைத்து அபராதம். 2023-இல் அங்கே ஒரு கோடீஸ்வரர் 50-இல் போக வேண்டிய இடத்தில் 82-இல் போனார். 1,21,000 யூரோ கட்டினார். நம் ஊரில் வருமானத்தை யார் கணக்கெடுப்பது என்று கேட்பார்கள். அது உண்மையான சிக்கல்தான். ஆனால் தவணையில் கட்ட வழி, முதல் தடவைக்கு எச்சரிக்கை இதற்கெல்லாம் வருமான வரித் துறை வேண்டாமே.

இதில் சாலைக்கும் பங்கு உண்டு. சிகாகோவில் 2022-இல் 'புரோபப்ளிகா' செய்தியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் அதிகம் வாழும் பகுதிகளின் குடும்பங்களுக்கு வெள்ளையர் பகுதிகளைப்போல் சுமார் இரண்டு மடங்கு சலான் போயிருந்தது. கேமராவுக்கு நிறம் தெரியாது. அந்தப் பகுதிச் சாலைகள் அகலமானவை, எக்ஸ்பிரஸ்வேக்குப் பக்கத்தில் இருப்பவை, நடைபாதை குறைந்தவை. அப்படிப்பட்ட சாலையில் கால் தானாக அழுத்தும். சாலையை அப்படிப் போட்டவருக்குச் சலான் இல்லை, அழுத்தியவருக்கு உண்டு.

அரைவிலைத் தள்ளுபடி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பெங்களூருவில் 2023 பிப்ரவரியில் பாக்கிக்கு 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள், 100 கோடி ரூபாய்க்கு மேல் வந்து விழுந்தது. ஒழுங்காக முழுதும் கட்டியவன் ஏமாளியானான். எனக்கு அந்த யோசனை பிடிக்கவே இல்லை.

உங்களுக்கு 'முப்பது நிமிடத்தில் கொடு' என்று கெடு வைக்கும் கம்பெனியும் இந்தக் கணக்கில் வர வேண்டும் என்பேன். இப்போதைக்கு ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

சலானோடு வரும் படத்தில் வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிகிறதே. அது வீட்டுக்கு வருவது சரியா?
— ஆசிரியை, கும்பகோணம்

சரியில்லை. தப்புக்குச் சம்பந்தமில்லாத முகம் எதற்கு? ஜெர்மனியில் பக்கத்து சீட்டில் இருப்பவர் முகத்தை மறைத்துத்தான் படம் அனுப்புகிறார்கள். சீட் பெல்ட் வழக்கு என்றால் பெல்ட் தெரிந்தால் போதும். நம்மிடம் சலான் தீரும்வரை பதிவை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தீர்ந்த பிறகு எப்போது அழிப்பது, சலானே ஆகாத லட்சக்கணக்கான வண்டிகள் எந்தெந்த நேரத்தில் எங்கே போயின என்ற பதிவு என்ன ஆகிறது, இந்தக் கேள்விகளை உங்கள் மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் நாங்கள் ஃபைன் தொகையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு கோட்டைத் தாண்டினால்?
— வாசகர், சேலம்

தாண்டுங்கள். வழி விடாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி பத்தாயிரம் ரூபாய் அபராதம். சலான் வந்தால், அந்த நேரத்து வீடியோவைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். பக்கத்தில் ஆம்புலன்ஸ் தெரியும். இயந்திரத்துக்கு இரக்கம் தெரியாது என்பதால்தான் எதிர்த்துப் பேச ஆள் வேண்டும் என்கிறேன். அதே இயந்திரம் 'நூறு ரூபாய் கொடுத்துட்டுப் போ' என்றும் சொல்லாது. அதனால்தான் கேமராவே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பைக்கை விற்று ஆறு மாதம் ஆகிறது. வாங்கியவர் போகும் சிக்னல் எல்லாம் எனக்கு மெசேஜ் வருகிறது. போன் எடுக்கமாட்டேன் என்கிறார்.
— வாசகர், ராமநாதபுரம்

வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐக் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், பெயர் மாற்ற விண்ணப்பிப்பது வாங்கியவர் பொறுப்பு. அவர் மாற்றும்வரை பதிவேட்டில் நீங்கள்தான் உரிமையாளர், கேமரா உங்களைத்தான் தேடி வரும். தாமதமானாலும் பரவாயில்லை, விற்ற ரசீது, பணம் வந்த பேங்க் பதிவு, அவருடைய ஆதார் நகல் இவற்றோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சலானுக்கும் அந்த நகலை இணைத்து எதிர்ப்புத் தெரிவியுங்கள். ஆதார் நகலே வாங்கவில்லை என்றால், புரோக்கர் நம்பராவது இருக்கிறதா என்று தேடுங்கள்.